வீட்டுத் துணி

கேட்பாரற்ற துணிகள் கிடந்த மேல்தட்டை அவள் மூன்றாவது முறையாகக் கலைத்துப் போட்டாள். யாரோ மறந்துபோன திரைச்சீலை இருந்தது, பொத்தான் இல்லாத கோட்டு இருந்தது, கறை போகாத மேசை விரிப்பு இருந்தது. புதன்கிழமை அவள் ஒளித்து வைத்த கொடி மட்டும் இல்லை.

மாடியில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தவர் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டார். மருத்துவர் வந்து, இதயம் நின்றுபோயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அவருக்குப் போட வெள்ளைச் சட்டையைத் தேய்த்து எடுத்து வரச் சொல்லி அம்மா அனுப்பியதால்தான் சின்னவளால் கீழே இருந்த அவர்கள் சலவைக் கடைக்கு வர முடிந்தது. அந்தச் சட்டையை அவள் இன்னும் தேடவே தொடங்கவில்லை. அப்பா செத்த அன்றைக்குக் கொடி தேடுகிறோமே என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

நாளை ஞாயிற்றுக்கிழமை பிரைடு ஊர்வலம். ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் இன்னும் பலரும் ஒளிவுமறைவில்லாமல் தெருவில் நடக்கிற நாள். சின்னவளுக்கு வயது முப்பத்தாறு. போவது இதுதான் முதல் தடவை. கூட நடக்க இருந்தவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி. ஐந்து வருடமாக வீட்டில் அவளுக்குச் சிநேகிதி என்று பேர். இரண்டு வாரமாக இருவரும் தயாரானார்கள். செருப்பு வேண்டாம், ஷூ என்று முடிவானது. சின்னவள் ஒரு தொப்பி வாங்கினாள், முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டாள். ஊர்வலம் கடைத்தெரு வழியாகத்தான் போகும். ஊரில் பாதிப் பேருடைய பனியன் கிழிசல் அவளுக்குத் தெரியும். அவர்களுக்கு மட்டும் அவளைத் தெரிந்துவிடக் கூடாது. முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று கண்ணாடிக் கடைக்காரி சிரித்தாள். ஆனாலும் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள்.

ஊர்வலத்துக்காக வாங்கிய வானவில் நிற ஆறு பட்டைக் கொடியை வீட்டில் வைக்க முடியாது. அம்மா அலமாரியை வாரம் ஒருமுறை அடுக்குவாள். துணியை ஒளிக்கச் சலவைக் கடையைவிட நல்ல இடம் ஏது? கடைக்கு வரும் துணி ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளரின் எண் எழுதிய சீட்டைக் குத்துவார்கள். வீட்டுத் துணிக்கு எண் கிடையாது, ஓரத்தில் நீல நூலால் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். சின்னவள் யோசித்து, ஊரைவிட்டே போய்விட்ட ஓர் ஆளின் எண்ணை எழுதிக் கொடியில் குத்தினாள். நானூற்றுப் பன்னிரண்டு. கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

செய்து முடித்த பிறகுதான் தான் செய்த முட்டாள்தனம் அவளுக்கு உறைத்தது. அப்பாவுக்கு ஆட்களின் பேர் மறக்கும், எண் மறக்காது. ஒரு கல்யாண வீட்டில், பக்கத்தில் நின்றவரை "இவர் நம்ம எழுபத்தாறு" என்று அறிமுகம் செய்து வைத்த மனிதர் அவர். ஊரைவிட்டுப் போனவனின் எண்ணில் புதுத் துணி கிடந்தால் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். வேறு இடம் மாற்றுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் அப்பா, தானே கடையைப் பூட்டிக்கொள்வதாகச் சொல்லி அவளை அனுப்பிவிட்டார். அவளும் நல்லதாகப் போயிற்று என்று, கையில் பிடிக்கும் அட்டை எழுதக் கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டாள்.

காலையிலிருந்து வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயங்காலம் மேல வந்து உப்பு டப்பாவத் தூக்கிட்டுப் போனாரு. எதுக்குன்னு நான் கேக்கல. நெஞ்சு கரிச்சிருக்கும், வெந்நீர்ல போட்டுக் குடிச்சிருப்பாரு. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அதைக் கேட்கும்போதெல்லாம் சின்னவள் நேரத்தைக் கணக்குப் போட்டாள். கொடியைப் பார்த்திருக்கிறார், நெஞ்சு அடைத்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் உப்பு எடுத்துப் போயிருக்கிறார். நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். நாளைக்கு வரவில்லை என்று கண்ணாடிக் கடைக்காரிக்குக் காலையிலேயே செய்தி அனுப்பிவிட்டாள். பதில் வரவில்லை.

மாடிப்படியில் அண்ணனின் கால் சத்தம் கேட்டது. அண்ணன் பேருந்து ஓட்டுநர். கடை எப்போது திறக்குமோ தெரியாது, துக்கத்துக்கு வந்தவர்களின் துணியை இன்றைக்கே கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது அவன் யோசனை. எல்லாத் தட்டையும் அவன் இறக்கத்தான் போகிறான்.

"சட்ட கெடச்சுதா?" என்று படியிலிருந்தே கேட்டான்.

"தேச்சுட்டிருக்கேன்" என்று பொய் சொல்லிவிட்டு, தேய்ப்பு மேசைக்குப் பின்னால் இருந்த வீட்டுக் கொக்கிக்கு ஓடினாள். வீட்டுத் துணியை அப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் தொடுவார். அதனால் சட்டை கசங்கித்தான் தொங்கும் என்று நினைத்திருந்தாள். அது மடிப்புக் குலையாமல், கழுத்துப்பட்டை விறைப்பாகத் தேய்த்து மாட்டியிருந்தது.

அதன் பின்னால் அதே கொக்கியில் ஒரு பழுப்புக் காகித உறை தொங்கியது. பிரித்தாள். கொடி. துவைத்து, தேய்த்து, பட்டை பட்டையோடு பொருந்த நாலாக மடித்திருந்தது. அவள் கையெழுத்தில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டாம் சீட்டு அதில் இல்லை. மேசை மேல் குண்டூசிக் கிண்ணத்தில் கிடந்தது. கொடியின் ஓரத்தில் நீல நூல் முடிச்சு இருந்தது.

மேசைக்கு அடியில் ஒரு வாளியும், மாடியிலிருந்து வந்த உப்பு டப்பாவும் இருந்தன. டப்பா காலி. வாளியின் உள்ளே லேசான சிவப்புத் தண்ணீர், விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

போன வாரம் வாடிக்கையாளர் ஒருவர், எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த ஊர்வலச் சுவரொட்டியைக் காட்டிக் காலம் கெட்டுக் கிடக்கிறது என்று புலம்பினார். அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் அந்தக் கொடிப் படத்தையே பார்த்தார். பிறகு, "புதுத் துணி. உப்புல ஊற வைக்காம எடுத்துட்டுப் போனா ஒரு மழைக்குச் செவப்பு எல்லாத்துலயும் எறங்கிடும்" என்றார். பேச்சை மாற்றுகிறார் என்றுதான் சின்னவள் அப்போது நினைத்தாள்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. அழுதுகொண்டே கொடியை அதே மடிப்பில் உறைக்குள் வைத்தாள்.

அண்ணன் உள்ளே வந்து தட்டுகளைப் பார்த்துத் திகைத்தான். அவள் அழுவதைக் கண்டதும் குரலைத் தணித்து, அவள் கையில் இருந்த உறையைத் திருப்பிப் பார்த்தான்.

"இது யாருது? நம்பரே இல்லயே."

"நம்ம வீட்டுது" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு, கடையின் சுருள் கதவை மேலே ஏற்றினான். வெளியே வாடிக்கையாளர்கள் தலை குனிந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மேலே போகலாமா கூடாதா என்று தெரியாமல், கண்ணாடிக் கடைக்காரி தெருவோரமாக ஒதுங்கி நின்றாள். சின்னவள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு அவளிடம் போனாள். தொப்பி இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

"நாளைக்கு மழ வருமா?" என்று கேட்டாள்.

கண்ணாடிக் கடைக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. "வரும்னுதான் சொல்றாங்க. ஏன்?"

"வந்தா வரட்டும். சாயம் போகாது."

உறையை அவள் கையில் கொடுத்தாள். உள்ளே திரும்பிப் போய்ச் சட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டாள். பிறகு, "மேல வா" என்று கூப்பிட்டுவிட்டு, சட்டை கசங்காமல் இரண்டு கையிலும் ஏந்தியபடி முன்னால் படியேறினாள்.