நூற்றெண்பது ரூபாய்த் தமிழ்

கொல்கத்தாவில் ஒருவர் உடுத்திக் கழித்த துணியை இன்னொருவர் உடுத்தினால், பழைய ஆளின் மொழி, கழற்றும்வரை புதிய ஆளுக்கு வந்துவிடும். பவானிபூரில் ஷ்யாம்பாபுவின் பழைய துணிக்கடையில் சட்டை எழுபது ரூபாய், புடவை நூற்றைம்பதிலிருந்து. மொழிக்குத் தனியாகக் காசு கிடையாது. அலிப்பூர் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவர்கள் வங்காளிச் சட்டையாகப் பார்த்து எடுத்துப் போவார்கள். ஒரு மார்வாடி மாப்பிள்ளை வங்காளி மாமனாரைச் சமாளிக்க ஒரே குர்தாவை மூன்று வருஷம் போட்டுத் தேய்த்தார்.

துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்று பெஹாலாவில் இருந்த மாணிக்கத்துக்குப் போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தது. கைகால் தேறியது. வங்காளியும் இந்தியும் ஆங்கிலமும் போய், திருநெல்வேலித் தமிழ் மட்டும் மிஞ்சியது. பெஹாலாவிலேயே பிறந்து வளர்ந்த மகள் ஜெயப்ரியாவிடம் இருந்த தமிழோ மொத்தம் முப்பது சொல். சாப்பிடுங்க, மாத்திரை, போறேன், இந்த மாதிரி. தினமும் ஆபீஸ் கிளம்பும்போது "அப்பா, நான் போறேன்" என்பாள். உடனே அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதபடி என்னென்னவோ சொல்வார். நாலு மாதமாக இதே கதை. ஆள் பாதியாக இளைத்துவிட்டார். என்ன சொல்கிறார் என்று தனக்குப் புரிவதற்குள் அப்பா செத்துப்போவாரோ என்று அவளுக்குப் பயம்.

அம்மாவின் புடவைகள் இருந்திருந்தால் கஷ்டமே இல்லை. அம்மா இறந்த வருஷமே ஜெயப்ரியா அவற்றைப் பாத்திரக்காரியிடம் போட்டு ஒரு எவர்சில்வர் அண்டா வாங்கியிருந்தாள். இப்போது அந்த அண்டாவைக் கண்ணில் படாமல் பரணில் ஏற்றிவிட்டாள். அப்பா கழித்த சட்டைகளைப் போட்டால் துறைமுக ஆபீஸ் வங்காளிதான் வந்தது. சனிக்கிழமைதோறும் கடை கடையாக ஏறினாள். பெரிய பொட்டீக் ஒன்றில் பழைய பட்டுகளை வெட்டித் தைத்த ஜாக்கெட் நாலாயிரத்து எண்ணூறு. போட்டுப் பார்த்ததில் வலது கையைத் தூக்கினால் மட்டும் தமிழ் வந்தது, இறக்கினால் ஒடியா.

"தமிழ் சரக்கே வர்றதில்ல தீதி. உங்க ஆளுங்க எல்லாத்தையும் பாத்திரத்துக்குப் போட்டுடறீங்க," என்று ஷ்யாம்பாபு வங்காளியில் அலுத்துக்கொண்டார். ஆனாலும் மார்கழியில் ஒரு கைத்தறிப் புடவை எடுத்து வைத்திருந்தார். நூற்றெண்பது.

வீட்டில் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள். "ஏனுங்கப்பா, தெனமும் எதுக்குங்க அழுகறீங்க?"

கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மாள் யாரோ! மாணிக்கம் முதலில் சிரித்துவிட்டார். பிறகு கண் கலங்கியது.

"தெனமும் 'போறேன்'னு சொல்லுதியேட்டி. ஒங்கம்மயும் அப்படித்தான் சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. 'வாரேன்'னு சொல்லப்படாதா?"

ஜெயப்ரியா பக்கத்து வீட்டு வங்காளி மாமியிடம் தினமும் 'ஆஷ்ச்சி' என்றுதான் சொல்லிக் கிளம்புவாள். வங்காளியில் அதற்கு வருகிறேன் என்றுதான் அர்த்தம். ஊருக்கெல்லாம் வருகிறேன், பெற்ற அப்பனுக்கு மட்டும் போகிறேன்.

மறுநாள் ஆபீஸ் சல்வாரில் வாசலில் நின்று, சொந்த வாயால், "போயிட்டு வரேன்ப்பா" என்றாள். மாணிக்கம் அவள் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. "சரிட்டி, பாத்துப் போ," என்றுவிட்டு இட்லியைப் பிட்டார்.

புடவையை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிக்கொள்கிறாள். மத்தியானம் முழுக்க இருவரும் பேசுகிறார்கள். அன்றைக்கு மட்டும் மாணிக்கம் மகளை வாங்க போங்க என்கிறார். முன்பின் தெரியாத புடவைக்கார அம்மாளையும் கூட உட்கார வைத்துக்கொண்டு மரியாதையில்லாமல் பேச முடியுமா என்கிறார்.