ஜின்னுக்குத் தீனி போடுகிறவர்

எனக்குப் பயம் எப்போது தொடங்கியது என்று நாள் சொல்ல முடியும். நோன்புக்கு முந்தைய ஷஅபான் மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை. அன்றுதான் ஹம்மாம் என்கிற பொதுக் குளியல்கூடத்தின் சூட்டறையில், எல்லாப் பெண்களும் கேட்கும்படி, வாராவாரம் குளிக்க வரும் மஹ்ஜூபா என்னைப் பார்த்து, "அந்த ஜின்னுக்குத் தீனி போடுறது யாருடி, துரியா?" என்று கேட்டாள்.

மொராக்கோவின் ஃபெஸ் நகரில் செருப்புப் பட்டறைகள் நெருக்கியடிக்கும் எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு ஹம்மாம்தான். பதினோரு வருடமாக அங்கே பெண்களுக்கு உடம்பு தேய்த்துவிடுவது என் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், தண்ணீர் காய்ச்சும் உலையை எரிப்பவர் என் கணவர் புஷ்தா. உலைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். எல்லாம் ஹாஜ் மெக்கியுடையது. விறகு விலை ஏறியதும், பட்டறைகளில் வெட்டி எறியும் ரப்பரையும் தோல் துணுக்குகளையும் எரிக்கச் சொல்லிவிட்டார். கழுதை முதுகில் மூட்டை மூட்டையாக வரும். கறுப்புப் புகை எழுந்து, மொட்டைமாடிகளில் காயும் துணியில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். இது தெரியாதவர்கள் யாருமில்லை. ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. பட்டறையிலோ ஹம்மாமிலோ ஏதோ ஒன்றில்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் பிழைப்பு.

கிஸ்லான் ஒரு சங்கத்துப் பெண். காற்று, வெப்பம், மாற்று எரிபொருள் என்று இரண்டு வருடமாக எங்கள் பகுதியில் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். நாங்களும் போவோம், படம் பார்ப்போம், தேநீர் குடித்துவிட்டு வருவோம். ஒரு வியாழக்கிழமை அவள் குளிக்க வந்தாள். அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே, வாராவாரம் சொல்லும் தொடர்கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாளித் தண்ணீர் ஆறிப்போகும் வரை அவள் நகரவில்லை.

"அக்கா, புகையப் பத்தி ஒரு கதை சொல்லுங்களேன்."

"புகையில என்னம்மா கதை இருக்கு?"

"நீங்க ஆரம்பிங்க, போதும். மிச்சத்த இவங்களே சொல்லட்டும்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். புகைபோக்கிக்குள் ஒரு ஜின் குடியிருக்கிறது. செருப்புதான் அதற்குச் சாப்பாடு. தின்றதும் தாகமெடுக்கும். தண்ணீர் குடிக்காது, மாடி மாடியாகப் போய் மனிதர்களின் மூச்சைக் குடிக்கும். அவ்வளவுதான் நான் சொன்னது.

அடுத்த வாரமே மஹ்ஜூபா தொடர்ந்தாள். "எங்க வீட்டுக்குச் செவ்வாக்கிழம வந்துச்சு. என் மாமியாரோட குரலத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அது பண்ணின ஒரே நல்ல காரியம்!"

சூட்டறையே அதிரும்படி சிரித்தோம். அப்போது மூலையிலிருந்து, அதிகம் பேசாத ஒரு பெண் சொன்னாள்: "எங்க வீட்டுல கைக்குழந்தகிட்ட வந்துச்சு. நாலு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தோம்."

சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். எந்த வீட்டில், எந்தக் கிழமை, யாருடைய மூச்சு. கிஸ்லான் வெளி அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். கூட்டத்துக்கு வந்து கொட்டாவி விட்டவர்கள் இப்போது கரி படிந்த தலையணை உறையைக் கொண்டுவந்து, "இதையும் எழுதும்மா" என்றார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் மஹ்ஜூபா அந்தக் கேள்வியைக் கேட்டாள். கதை என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பது அப்போதுதான் உறைத்தது. "அடுத்த வாரம் சொல்றேன்" என்று நழுவினேன்.

அந்த வாரம் முழுக்கத் தெருப்பிள்ளைகள் புஷ்தாவைப் பார்த்து, "ஜின்னோட வேலக்காரன்! ஜின்னோட வேலக்காரன்!" என்று கத்தினார்கள். அவர் மேலே வந்து உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்க்காமலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீதான ஆரம்பிச்ச?"

"ஆமா."

"நிறுத்திடு, துரியா. ஹாஜ் காதுக்குப் போனா நாம எங்க போவோம்?"

இருமல் வந்தது. முகத்தைத் திருப்பித் துணியில் துப்பி, அதை மடித்துத் தலையணைக்கு அடியில் செருகினார். அந்தத் துணிகளைத் துவைப்பவள் நான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. துப்புவது கறுப்பாக இருக்கும். சில நாள் கறுப்போடு வேறு நிறமும் இருக்கும். கதையைச் சொன்னால் வீடு போகும், சொல்லாவிட்டால் இவர் போய்விடுவார். எது பெரிய பயம் என்று எனக்குத் தெரியவில்லை.

மறு வியாழக்கிழமை சூட்டறைக்குள் நுழைந்தபோது லல்லா கன்ஸா கல்மேடையில் உட்கார்ந்திருந்தார். ஹாஜ் மெக்கியின் மனைவி. வீட்டிலேயே குளியலறை உள்ளவர், எங்களோடு குளிக்க ஒருநாளும் வந்ததில்லை.

"கதை நல்லாப் போகுதாமே. நானும் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். யாரு தீனி போடுறாங்கன்னு இன்னைக்குத்தான சொல்லணும்? சொல்லு."

முப்பது பெண்களும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏழு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சூனியக்காரி..." என்று தொடங்கினேன்.

"பொய்!" என்றாள் மஹ்ஜூபா. யாரோ வாளியைத் தட்டினார்கள். இன்னும் நாலு பேர் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு வந்த வார்த்தைகளை நான் யோசித்துச் சொல்லவில்லை. "ஒரு ஆளு. விரல் நுனியெல்லாம் வெந்து போன ஆளு. ஜின்னோட வாய்க்கு நேரா நிக்கிறாரு, அதனால மொதல் மூச்சு அவரோடதுதான். கறுப்பா துப்புறாரு. துணியத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வைக்கிறாரு, பொண்டாட்டி பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு."

லல்லா கன்ஸா என்னையே பார்த்தார். "யாரு சொல்லிப் போடுறாரு?"

வாளியை இழுத்துத் தண்ணீரை மொண்டேன்.

அப்போது சுவர் பேசியது.

"செருப்போட ரப்பர் அடி ஒரு நாளைக்குப் பதினாலு மூட்ட. தோலு ஆறு. பசை டின்னு கைக்குக் கெடைக்கிற அளவு. போடச் சொன்னது ஹாஜ் மெக்கி. போட்டது நான்."

சூட்டறையில் ஜின்கள் உண்டு என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். "பிஸ்மில்லா! பிஸ்மில்லா!" என்று அலறிக்கொண்டு பெண்கள் கதவுக்கு ஓடினார்கள். ஒருத்தி வழுக்கி விழுந்தாள், இன்னொருத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மஹ்ஜூபாதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"ஏய், ஜின் இல்லடி, புஷ்தா! யோவ் புஷ்தா, கண்ண மூடிக்க!"

தொட்டிக்கு மேலே சுவரில் வளைந்த துளை ஒன்று உண்டு. சூடு போதவில்லை என்றால் அதன் வழியாகத்தான் உலைக்குக் குரல் கொடுப்போம். எதையும் பார்க்க முடியாது, குரல் மட்டும் போகும். அவர் எத்தனை வியாழக்கிழமைகளாக அங்கே காதை வைத்திருந்தாரோ!

சிலர் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. லல்லா கன்ஸா சோப்பைக்கூடக் கழுவாமல் துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஹாஜ் புஷ்தாவை வேலையிலிருந்து நிறுத்தினார். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார். என்னை யாரும் வரவேண்டாம் என்று சொல்லாததால் நான் போய்க்கொண்டிருந்தேன். படியில் காலடி கேட்டாலே கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன். உலைக்குப் புதிதாக ஒரு ஆள் வந்தான். ஊர் நிலவரம் தெரியாதவன். பெண்கள் குளிப்பதற்கு முன்னால் ஒவ்வொருத்தியாகத் துளைக்குப் போய்க் கத்தினார்கள்: "தம்பி, இன்னைக்கு என்ன போட்ட?"

"ரப்பருதான் அக்கா!"

அதுவும் கிஸ்லானின் நோட்டுக்குப் போனது. நாளெல்லாம் சுவரிலிருந்து இதே கேள்வி வர, பத்தே நாளில் அவன், "அந்தச் சுவத்துக்குள்ள என்னவோ இருக்கு, சம்பளமே வேணாம்" என்று ஓடிவிட்டான். உலை அணைந்தது. எங்கள் பகுதியில் யாரும் குளிக்கவில்லை.

அன்று மத்தியானம் படியில் காலடி கேட்டது. சுருட்டின பாயோடு சுவரில் ஒண்டி நின்றேன். வந்தது லல்லா கன்ஸா. தனியாக வந்திருந்தார். தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஹம்மாம் எங்கப்பா கட்டினது. பாதி இன்னும் என் பேர்லதான் இருக்கு. அவரே உலை எரிச்சாரு, ஆரம்பத்துல. கடைசி வருஷம் அவரும் இப்படித்தான் துப்பினாரு. வெறும் சளின்னு சொன்னாங்க." தலைத்துணி ஓரத்தால் மூக்கைத் துடைத்தார். "அந்தச் சங்கத்துப் பொண்ணு ஏதோ ஆலிவ் பிண்ணாக்கு எரிக்கிற அடுப்புன்னு சொல்லுதாமே. நாளைக்கு வரச்சொல்லு. நீங்க எங்கயும் போக வேணாம்."

கோடை முடிவதற்குள் புதிய அடுப்பு வந்தது. செலவில் பாதி லல்லா கன்ஸா, பாதி சங்கம். புகை மெலிந்தது, அடியோடு போய்விடவில்லை. ஹாஜ் மெக்கி இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. பட்டறை மூட்டைகள் இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு ஹம்மாமுக்குப் போகின்றன. அங்கேயும் வந்து கதையை ஆரம்பித்து வைக்கும்படி கிஸ்லான் கேட்டாள். இரண்டு முறை போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் எந்தப் பெண்ணின் புருஷன் நிற்கிறானோ என்று நினைத்தாலே எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தும் சொன்னேன்.

புஷ்தா திரும்ப வேலைக்குப் போனார். இருமல் மட்டும் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே தழும்பு விழுந்திருக்கிறது என்றார். போனது திரும்பாது, உலைப்பக்கம் போகாமல் இருந்தால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். ஹம்மாமின் ஆண்கள் பக்கத்து வாசலில் உட்கார்ந்து துண்டு கொடுக்கும் வேலையை லல்லா கன்ஸா அவருக்கு ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்றோம்.

"எவ்வளவு மிச்சம்னு கேட்டியா?" என்றார்.

"கேக்கல."

"நல்லதாப் போச்சு."

ரோட்டோரம் எண்ணெயில் ஸ்ஃபெஞ்ச் பணியாரம் பொரித்துக்கொண்டிருந்தவனிடம் இரண்டு வாங்கினார். ஒன்றை என் கையில் வைத்தார். பஸ் வரும்வரை அவர் மூச்சை நான் எண்ணிக்கொண்டே நின்றேன், ஸ்ஃபெஞ்ச் ஆறிப்போகும்வரை என்னால் கடிக்க முடியவில்லை.