இரண்டு கணினிகளுக்கு மட்டும்

அந்த வாரத்தில் நான் இறக்கிப் பார்த்த மூன்றாவது மென்பொருளும் தலைமுடியில்தான் மாட்டிக்கொண்டது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்த பெண்ணுக்குச் சுருட்டை முடி. பின்னணியை மட்டும் வெட்டி வெள்ளையாக்கு என்றால், இந்த மகானுபாவன் முடியையும் சேர்த்து வெட்டி, அந்தப் பெண்ணின் தலையில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி செய்துவிட்டான். என் விரல்களோ பழைய மென்பொருளின் விசைகளையே தட்டுகின்றன. தூரிகை கேட்டால் படம் தலைகீழாகத் திரும்புகிறது. பெரிதாக்கு என்றால் மூடவா என்று கேட்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உட்கார்ந்ததும் மறுபடி எழுந்திருக்க வேண்டும் போலிருந்தது.

"என்னக்கா, இதுவும் சரிப்படலயா?" என்றான் தம்பி, உள்ளே விளக்குகளை நகர்த்தியபடி. குரலில் அப்படி ஒரு நிம்மதி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டுடியோ எங்கள் இருவருடையது. படம் எடுப்பது அவன். கல்லா, வாடிக்கையாளர்களின் வாய், மின்கட்டணம் எல்லாம் நான். எடுத்த படத்தைத் திருத்துவது அவன் பெண்டாட்டியின் வேலையாக இருந்தது. அவள் கோபித்துக்கொண்டு போனபிறகு அதுவும் என் தலையில் விழுந்தது. மாதாமாதம் சந்தா கட்டினால்தான் திறக்கும் மென்பொருள் அவளுடையது. கணக்கு அவள் மின்னஞ்சலில். சந்தா மட்டும் எங்கள் கல்லாவிலிருந்து. இந்த வருஷம் அதையும் ஏற்றிவிட்டார்கள். ஒரே தடவை வாங்கினால் காலத்துக்கும் உழைப்பது, காசே கேட்காதது என்று எத்தனையோ கிடைக்கும்போது எதற்கு இந்தத் தண்டம்? கேட்டதற்குத் தம்பியும் "பாரேன், பாரேன்" என்றுதான் தலையாட்டினான். ஆனால் நான் எதைக் கொண்டுவந்தாலும் அவனுக்கு ஒரு நொட்டை. முதலாவதில் தோல் சிவந்துவிடுகிறதாம். இரண்டாவதில் கறுப்பு சாம்பலாகிவிடுகிறதாம். விட்டேனா? பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று என்று ஒரே முகத்தை அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று சொல்லச் சொன்னேன். மாற்றிச் சொன்னான். சொல்லிவிட்டு, "இங்க வெளிச்சம் சரியில்லக்கா" என்றான்.

அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. சந்தா எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்க்க, அந்தக் கணக்கின் பக்கத்தைத் திறந்தேன். ஒரே கணக்கை இரண்டு கணினிகளில் பயன்படுத்தலாம், அதற்கு மேல் கூடாது என்று போட்டிருந்தது. ஒன்று எங்களுடையது. இன்னொன்றின் எதிரே ஒரு பச்சைப் புள்ளி. 'இப்போது பயன்பாட்டில்'.

அவள்தான், போகும்போது எடுத்துப்போன மடிக்கணினியில். வேறு ஊரில் ஏதோ ஆல்பம் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே அவள் திறக்கும்போது இங்கே புள்ளி பச்சையாகிறது, மூடும்போது சாம்பலாகிறது. அது மட்டுமில்லை. அவள் அங்கே புதிதாக ஒரு தூரிகை செய்துவைத்தால் அது தானாகவே எங்கள் கணினியிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'ஈரமுடி' என்று ஒன்று. 'கண்ணோரச் சுருக்கம், கை வைக்காதே' என்று ஒன்று. பேர் வைப்பதிலும் அவள் திமிர் போகவில்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், சொல்லித் தொலைக்கிறேன். காலையில் கடைக்கதவைத் தூக்கியதும் இந்தப் பையன் விளக்குகளைக்கூடப் போடாமல் கணினி முன்னால் ஏன் போய் நிற்கிறான் என்பது அப்போதுதான் புரிந்தது.

அவர்களுக்குள் சண்டை வந்தது ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தால். பெண்ணின் அம்மா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கும்மா, இன்னும் கொஞ்சம்" என்று உயிரை எடுத்தாள். தம்பி பெண்டாட்டி முடியாது என்றாள். "இதுக்கு மேல போனா அது உங்க பொண்ணு இல்லம்மா, வேற யாரோ." தம்பி என்ன செய்தான்? எல்லார் முன்னாலும் அவள் கையிலிருந்த மவுஸை வாங்கி, தானே வெள்ளையாக்கிக் கொடுத்தான். மறுநாள் போய்விட்டாள். அவன் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. இரண்டும் அழுத்தத்தில் ஒன்றை ஒன்று தூக்கிச் சாப்பிடும்.

சரி, அங்கே வேலைக்குச் சேர்ந்தவள் தனக்கென்று ஒரு கணக்கு வாங்கியிருக்கலாமே? ஏன் வாங்கவில்லை? காசுக்காக இருக்காது, அவள் அந்த ரகமில்லை. இந்தக் கேள்விதான் எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. சந்தாவை நிறுத்தினால் அந்தப் புள்ளியும் போய்விடும். இருந்தால் இவன் ஆயுசு முழுக்கப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். எனக்கு இரண்டுமே பொறுக்கவில்லை.

"போன் பண்ணிப் பேசேன்டா" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்கா? பொழுதன்னைக்கும் அந்தப் புள்ளியப் பாத்துட்டு நிக்கறியே, அதுக்குதான்."

அவன் முகம் கறுத்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஓட்டுநர், உரிமத்துக்குப் படம் எடுக்க வந்து சேர்ந்தார். தப்பித்தோம் என்று தம்பி அவரை உள்ளே கூட்டிப்போய் முக்காலியில் உட்காரவைத்தான். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது. "தாடையக் கொஞ்சம் தூக்குங்க. இன்னும். ஆங், அப்படியே. அசையாதீங்க."

எனக்கு வந்த கோபத்தில், இன்றோடு இந்தப் பழையதை நம் கணினியிலிருந்து கழற்றிவிடுவோம், பிறகு நடப்பது நடக்கட்டும் என்று 'வெளியேறு' என்பதை அமுக்கினேன். திரையில் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி. நாளெல்லாம் 'சேமிக்கவா, மாற்றவா, உறுதியா' என்று பெட்டி பெட்டியாகக் கேட்டுக்கேட்டு, கண் படிப்பதற்குள் விரல் ஆமாம் சொல்லிவிடும். சொன்னபிறகுதான் படித்தேன்: 'எல்லாக் கணினிகளிலிருந்தும்.'

பச்சைப் புள்ளி காணாமல் போயிற்று. அடிப்பாவி, என்று என்னையே திட்டிக்கொண்டேன். அங்கே அவள் நடு வேலையில் இருந்திருப்பாளே! யாருடைய முகத்தைப் பாதியில் விட்டாளோ?

மேஜையில் கிடந்த தம்பியின் கைபேசி அதிர்ந்தது. ஆறு இலக்க எண் ஒன்று. மறுபடி உள்ளே நுழைவதற்கான எண், யாருடனும் பகிர வேண்டாம் என்று செய்தி. கணக்கு தொடங்கிய நாளில் அவன் கைபேசி எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். அவள் அங்கே கடவுச்சொல்லை அடித்துவிட்டு, இந்த எண்ணுக்காகக் காத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

"டேய், இங்க வா!"

வந்து பார்த்தான். நடந்ததைச் சொன்னேன். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மெசேஜ்ல அனுப்பிடுடா, பாவம்."

"வேணாம். வேணும்னா அவளே கேக்கட்டும்."

எண் காலாவதியானது. இரண்டாவது எண் வந்தது. அவள் கேட்கவில்லை, அழைக்கவும் இல்லை. அவள் பெயர் திரையில் வரும் வரும் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். நான் தடுப்புக்கும் மேஜைக்குமாக நடந்தேன். இந்த முறையோடு விட்டுவிட்டு அவள் சொந்தமாக ஒரு கணக்கு வாங்கிவிட்டால்? ஐந்து நிமிஷ வேலை அது. அதன்பிறகு புள்ளியும் இல்லை, தூரிகையும் இல்லை, இவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. இவனுக்கும் அது தெரிந்திருந்தது.

இரண்டாவதும் காலாவதியானது. அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, என் எதிரிக்குக்கூட வரக்கூடாது.

கைபேசி அதிர்ந்தது. மூன்றாவது எண்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. அழைத்தான். ஒரே மணியில் எடுத்துவிட்டாள் போலிருக்கிறது, எனக்கு மணியே கேட்கவில்லை. அவன், "சேவ் பண்ணியிருந்தியா?" என்றான்.

அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, இவன் சுவரைப் பார்த்துத் தலையாட்டினான். ஃபோனில் தலையாட்டுகிறான், மடையன். பிறகு, குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தான். "நாலு... ஒண்ணு... ஒம்பது... ஒம்பது... ரெண்டு..."

ஆறாவதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, ஃபோனை வைக்கவும் இல்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம், விளக்கு வெளிச்சத்தில் ஓட்டுநர் இன்னும் தாடையைத் தூக்கியபடியே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை. கண்களை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தார். அசையாதீர்கள் என்று கையைக் காட்டினேன்.