பலகை இடுக்கு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொல்லி வைத்த மகராசன் சக்கரம் வைத்த வீட்டைப் பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால் கல்யாணத்தை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்லியிருப்பான்.

எங்களுடையது அப்படி ஒரு வீடு. லாரிச் சட்டத்தின் மேல் தேக்குப் பலகை அடித்து, தகரக் கூரை போட்டு, பின்பக்கம் ஒரே ஒரு கதவு வைத்து, பீர்மேட்டுத் துரை ஒருவர் வேட்டைக்குப் போனால் தங்குவதற்காகச் செய்த வண்டி. என் வீட்டுக்காரர் இன்னாசிராஜ் அவருக்கு டிரைவராக இருந்தார். சீமைக்குக் கப்பலேறும்போது துரை வண்டியை இவருக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் அதில் தையல் மிஷினை ஏற்றிக்கொண்டு, எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் லயத்தில் குடியிருக்கும் தோட்டத்து ஆட்களுக்குத் துணி தைத்தோம். அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, அதிலேயே சண்டை போட்டோம். "உனக்கு என்ன கத்தரீனா, ராணி மாதிரி வீட்டோட ஊர் சுத்துற" என்பாள் ராயப்பன்பட்டியில் இருக்கும் என் தங்கச்சி.

ராணி பட்ட பாட்டை அவள் வந்து பார்த்திருக்க வேண்டும். மலைமேல் மழையில் நின்றால் பலகை ஊறி உப்பும், கதவு சட்டத்தைக் கவ்விக்கொண்டு திறக்காது. கம்பத்து வெயிலுக்கு இறங்கினால் அதே பலகை சுருங்கி, இடுக்கு இடுக்காக வாய் பிளக்கும். நிறுத்தி வைத்தால் சக்கரம் வழியாகக் கரையான் ஏறும். மத்தியானத்தில் தகரக் கூரை தோசைக்கல்லாகிவிடும். வெட்டுத்துணியைக் காய்ச்சிய குங்கிலியப் பிசினில் தோய்த்து இடுக்குகளை அடைப்பது என் வேலை. வெயில் ஏறினால் குங்கிலியம் இளகித் துணி உதிரும், நான் மறுபடி அடைப்பேன். பலகை வெடிக்காமல் இருக்க, கீழே இறங்கும் நாளெல்லாம் சுவரில் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிள்ளையில்லாதவளுக்கு அந்த வீடுதான் பிள்ளை என்று ஊரில் பேசினார்கள். பிள்ளையாக இருந்தால் வளர்ந்தாவது தொலைந்திருக்கும்.

இவருக்கோ அந்த வண்டி என்றால் உயிர். அதிலும் அந்தக் கதவு. துரை சீமையிலிருந்து பித்தளைக் கைப்பிடி வரவழைத்துப் போட்ட கதவு அது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறாரோ இல்லையோ, கைப்பிடியைத் துடைக்காமல் இருக்க மாட்டார்.

அந்த ஆவணியில் பீர்மேட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் நின்றிருந்தோம். விடாத மழை. மொக்கையன் கங்காணி ஒருநாள் குடையோடு வந்து, சிவப்புப் பட்டுத் துணி ஒன்றை என் மிஷின் மேல் போட்டார். கொழுந்து கிள்ளும் சின்னத்தாய்க்குக் கல்யாண ரவிக்கை வேண்டும் என்றார். மாப்பிள்ளை யார் என்று கேட்டேன். கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார். ஏற்கனவே இரண்டு பெண்டாட்டி கண்ட மீசை.

அளவு கொடுக்க வந்த சின்னத்தாய் கதவைச் சாத்தியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அம்மா அப்பா இல்லை. கங்காணி மலைக்குக் கூட்டிவந்த ஆள். அவர் சொல்லாமல் எஸ்டேட் கேட்டைத் தாண்ட முடியாது.

"அக்கா, அளவு எடுக்காதீக. இதப் போட மாட்டேன். போட வச்சாகன்னா ஆத்துல விழுந்துருவேன். சின்னமனூர்ல எங்கக்கா இருக்கா. அங்கன போயிட்டா போதும்."

சும்மா சொல்கிறவள் கண் அப்படி இருக்காது. குமுளியில் இருக்கும் எல்லைச் சாவடியை, சவுக்கை என்போம், தாண்டிவிட்டால் அது வெள்ளைக்காரன் ஜில்லா, அவள் அக்காவும் அக்கா புருசனும் இருக்கிற பக்கம். கங்காணியின் அதட்டல் அங்கே செல்லாது. அதுவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் ரவிக்கையைத் தைத்து முடித்தேன், யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதே. கிளம்புகிற அன்று விடியற்காலையில், இவர் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போன சமயம் பார்த்து அவளை உள்ளே ஏற்றி, துணி வெட்டும் மேசைக்கு அடியில் உட்கார வைத்துக் கதவை அறைந்து சாத்தினேன். ஊறிய கதவு கவ்விக்கொண்டது.

இவரிடம் சொல்லவில்லை. இவர் முகத்தில் பொய் நிற்காது. தெரியாமல் ஒரு பொய் சொல்லிவிட்டால்கூடப் பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியாரைத் தேடி ஓடுகிற ஆள்.

டிரைவர் இருக்கை முன்னால் தனி. நான் இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வழியெல்லாம் ரேடியேட்டர் கொதித்தது. நின்று நின்று ஆறவைத்துத்தான் போக முடிந்தது. நாங்கள் அப்படி நின்ற ஓரிடத்தில் பஸ் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. அந்த பஸ்ஸில் யார் இருந்தது என்பது குமுளியில்தான் தெரிந்தது.

மலைமேல் அத்தனை மழை. எல்லையில் வந்தால் சுள்ளென்று வெயில், கீழேயிருந்து கம்பத்துக் காய்ந்த காற்று. சவுக்கையில் ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்த மூங்கிலுக்குப் பக்கத்தில், குடையை ஊன்றிக்கொண்டு மொக்கையன் கங்காணி நின்றிருந்தார்.

"என் ஆளு ஒருத்தியக் காணோம்" என்றார் கங்காணி, சவுக்கை அதிகாரியிடம். "இந்தப் பொட்டி வண்டியத் தொறந்து காட்டச் சொல்லுங்க."

அதிகாரி மலையாளத்துக்காரர். அவருக்குக் கங்காணியின் ஆளைப் பற்றிக் கவலை இல்லை. ஏலக்காய் கடத்துகிறவர்களைப் பிடிப்பதுதான் அவர் வேலை. "உள்ளில் ஏலக்காய் உண்டோ? கதவு திறக்கணும்" என்றார்.

"தாராளமாப் பாருங்க சார்" என்று குதித்து இறங்கினார் இவர். என் கர்த்தரே! கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. படியில் ஒரு காலை ஊன்றி, முகம் சிவக்க, நரம்பு புடைக்க இழுத்தார். கதவின் மேல் மூலை விரல் கனம் அசைந்தது. நான் மாதாவை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"மழையில ஊறிருக்கு சார்" என்றார் இவர், மூச்சு வாங்கியபடி. ஒளிவுமறைவில்லாத அந்த முகத்தைப் பார்த்து அதிகாரி தலையாட்டினார்.

கங்காணி லேசுப்பட்ட ஆள் இல்லை. "ஊறுன மரம் வெயில்ல சுருங்கும்ல? நிக்கட்டும். தன்னால தொறக்கும்" என்றார். அதிகாரிக்கும் அது நியாயமாகப் பட்டது. வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு அவர் நிழலுக்குப் போய்விட்டார்.

நான் அந்த வீட்டை அடிமுதல் நுனிவரை அறிந்தவள். வெயிலில் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். முதலில் குங்கிலியம் இளகும். பிறகு துணி உதிரும். பிறகு இடுக்கு பிளக்கும். கடைசியில் கதவு. அதற்குள் தகரத்துக்கு அடியில், காற்றில்லாமல், அந்தப் பெண் என்ன ஆவாள்? திறந்தால் அவள் மாட்டுவாள், திறக்காவிட்டால் வெந்துவிடுவாள்.

ரேடியேட்டருக்கென்று இரண்டு டின்னில் தண்ணீர் வைத்திருந்தோம். ஒன்றைத் தூக்கிக் கதவில் ஊற்றினேன்.

"ஏண்டி, அது எஞ்சினுக்குள்ள தண்ணி!" என்று இவர் கத்தினார்.

"பலக வெடிச்சா எஞ்சினு மேலயா படுப்பீக?" என்று நானும் கத்தினேன். உள்ளே இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்றுதான்.

"தண்ணி ஊத்துனா கதவு எப்படித் தொறக்கும்?" என்றார் கங்காணி.

"ஊத்தலைன்னா வெடிச்சிரும் கங்காணியய்யா. வெடிச்சா தேக்குப் பலக நீங்க போட்டுத் தருவீகளா? எறங்குற நாளெல்லாம் ஊத்துறதுதான். இவுகளையே கேளுங்க."

கேட்டார். இவர் பொய் சொல்லத் தெரியாத அதே முகத்தோடு, "ஆமாங்க, எப்பவும் ஊத்துவா. ஆனா எஞ்சின் தண்ணிய ஊத்த மாட்டா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கதவிலும் சுவரிலும் கூரையிலும் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற ஆவியாய்ப் போனது. இடது பக்கச் சுவரில், என் கண் முன்னாலேயே ஒரு துணித் துண்டு இளகிக் கீழே விழுந்தது. பலகைக்கு நடுவில் கறுப்பாக ஒரு கோடு. கங்காணி அதைப் பார்த்துவிட்டார். நான் என்னவோ அவர் வீட்டு வேலைக்காரி போலக் குடையை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து கண்ணை வைத்தார்.

அவர் பார்த்தார். நிமிர்ந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த இடுக்குக்குப் போனார். அங்கும் துணி உதிர்ந்திருந்தது. அங்கும் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே" என்று முணுமுணுத்தார். மூன்றாவது இடுக்கிலும் அதே கதை. ஊற்றிய தண்ணீரில் பலகை உப்பி இடுக்கெல்லாம் மூடிக்கொண்டது என்று நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவது டின்னும் காலி. இதற்குள் எங்களுக்குப் பின்னால் மாட்டுவண்டிகள் வரிசையாய் நின்று, வண்டிக்காரர்கள் சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். அதிகாரி எரிச்சலோடு வந்தார். ஓர் இடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார்.

"ஏலக்காய் மணம் இல்லா. எடுத்துட்டுப் போ!"

"சார், கதவ ஒடச்சிப் பாத்துரலாம்" என்றார் கங்காணி.

"துரை வண்டி சார் இது" என்று பதறினார் இவர். "ஒடச்சா நான் சீமைக்கு எழுதிப் போட்டுருவேன்." துரை என்ற சொல்லுக்கு அந்த மலையில் இருந்த மரியாதை கர்த்தருக்குக்கூட இல்லை. மூங்கில் மேலே போனது.

இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கிலேயே வண்டியை விட்டார் இவர். தண்ணீரை வீணாக்கினதற்கு என்னையும் என் பரம்பரையையும் திட்டிக்கொண்டே வந்தார். முதுகுப் பலகையில் கையால் தட்டினேன். சத்தமில்லை. ஓங்கித் தட்டினேன். சத்தமில்லை.

"நிப்பாட்டுங்க."

"எதுக்கு?"

"நிப்பாட்டுங்கன்னு சொல்றேன்ல!"

இரண்டு வளைவு தாண்டி, நிழலாக இருந்த இடத்தில் நிறுத்தினார். சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். கதவை இழுத்தேன். நான் ஊற்றிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து கல்லாகக் கவ்வியிருந்தது.

"கதவ ஒடைங்க" என்றேன்.

"ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"உள்ள சின்னத்தாய் இருக்கா. கங்காணி தேடுன புள்ள. நாந்தான் ஏத்துனேன். சத்தத்தையே காணோம்."

இவர் என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கருவிப் பெட்டியிலிருந்து கைக்கோடாலியை எடுத்துவந்து, ஞாயிறுதோறும் துடைக்கிற அந்தப் பித்தளைக் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே ஓங்கி இறக்கினார். சில்லு தெறித்தது. இரண்டாவது வெட்டில் கைப்பிடி பிய்ந்து ரோட்டில் உருண்டது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே அடுப்பு வாய் போல அனல். அவள் மேசைக்கு அடியில் இல்லை. இடது சுவரோடு ஒட்டிச் சுருண்டு கிடந்தாள். தூக்கி வெளியே போட்டோம். உதடு வெடித்திருந்தது, மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. "தண்ணி, தண்ணி" என்று அலறினேன். தண்ணீர் ஏது? எல்லாவற்றையும் சுவரில் கொட்டிவிட்டேனே பாவி!

இவர் முன்னால் ஓடினார். ரேடியேட்டர் மூடியில் கை வைத்துச் சுட்டுக்கொண்டு, "துணி குடு" என்று கத்தினார். கைக்கு முதலில் அகப்பட்டது அந்தச் சிவப்புப் பட்டு ரவிக்கை. தைத்து, மடித்து, கொக்கிவரை வைத்து முடித்து, கங்காணியிடம் கொடுக்காமலே கொண்டுவந்தது. தூக்கி வீசினேன். அதைச் சுற்றித்தான் மூடியைத் திறந்தார். மிச்சமிருந்த துருத் தண்ணீரை அதிலேயே தோய்த்து, காற்றில் ஆட்டி ஆறவைத்து, அவள் முகத்திலும் நெஞ்சிலும் பிழிந்தார். பிழிந்துகொண்டே இருந்தார். கங்காணியின் பட்டு துருக்கறை ஏறிக் கந்தலாகும்வரை பிழிந்தார்.

வெகுநேரம் கழித்து அவள் இருமினாள். எனக்கு அழுகை வெடித்துவிட்டது. இவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளுக்கு மாற்றுச் சேலை எடுக்க உள்ளே ஏறினேன். அப்போதுதான் கவனித்தேன், அவள் உடம்பில் பாதிச் சேலைதான் இருந்தது. மீதி எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. இடது சுவரில், வலது சுவரில், கதவோரத்தில், நான் அடைத்த துணி உதிர்ந்த ஒவ்வோர் இடுக்கிலும் அவள் சேலைக் கிழிசல் இருந்தது. நகத்தால் குத்திக் குத்தி இறுக்கியிருந்தாள். மூடிக்கொண்டது பலகை இல்லை.

கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏம்புள்ள, மூச்சு விட ஒரு இடுக்கையாவது விட்டு வைக்கக் கூடாதா?"

"ஒவ்வொண்ணுலயும் அந்தாளு கண்ணு வந்துச்சுக்கா" என்றாள்.

கதவில்லாத வீட்டோடு லோயர் கேம்ப் இறங்கி, எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சாயங்காலம் அவளைச் சின்னமனூரில் அவள் அக்காவிடம் விட்டோம். வழியில் நான் பின்னால் அவளோடு உட்கார்ந்து, ஒவ்வோர் இடுக்காக அந்தத் துணியைப் பிடுங்கி ரோட்டில் எறிந்துகொண்டே போனேன். கம்பத்துக் காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது.

கதவு அப்புறம் புதிதாகப் போட்டோம், பலாப்பலகையில், பித்தளை இல்லாமல். இடது சுவரை மட்டும் அதற்குப் பிறகு நான் அடைக்கவே இல்லை. மலைக்குப் போனால் மழை அந்த வழியாக வந்து படுக்கையை நனைக்கிறது. இவரும் படுக்கையை இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்கிறார். ஒழுகட்டும்.