அஞ்சு மணி ஜெபம்

தன் பிள்ளைக்கு என் பேரை வைக்கப்போவதாகச் சொர்ணத்தாய் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததோ பயம்.

1998 நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மூன்று மாதப் பெண்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கழுகுமலை பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் ஊர்ப்பக்கம் நல்ல மழை. செருப்பில் அப்பியிருந்த கரிசல் மண்ணே பிள்ளையைவிடக் கனமாக இருக்கும். அதை வாசலில் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே வந்து, பிள்ளையை என் மடியில் கிடத்தினாள்.

"இந்தாங்க அக்கா, ஒங்க பிள்ளை. சுகுணான்னுதான் பேரு வைக்கப்போறோம். நாளைக்கு ஒங்க கோயில்ல வச்சே கூப்பிட்டுருவோம். எங்க வீட்டுல அவியளும் வாராவ."

"ஏட்டி, என் பேரு என்னத்துக்கு?"

"வேற யாரு பேரை வைக்க? நாப்பது நாளு அஞ்சு மணிக்கு எந்திரிச்சு முழங்கால் போட்டது யாரு?"

யார் போட்டது? நான் போடவில்லை. ஒரு நாள்கூடப் போடவில்லை.

சொர்ணமும் நானும் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் எதிரெதிரே உட்கார்ந்து குச்சி அடைக்கிறவர்கள். பதினோரு வருஷமாக வேலை நேரமெல்லாம் நான் நிமிர்ந்தால் தெரிகிற முகம் அவளுடையது. அங்கே எனக்கு 'ஜெபக்கார அக்கா' என்று பேர். அது சும்மா வரவில்லை, பாடுபட்டுச் சம்பாதித்தேன். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தால் கண்ணை மூடி, பக்கத்தில் இருப்பவர்களின் குழம்பு ஆறுகிற வரைக்கும் ஜெபிப்பேன். யாராவது மூக்கைச் சிந்தினால் போதும், "அழாத, நான் ஜெபிச்சுக்கிடுதேன்" என்பேன். எங்கள் சபையில் அது 'போயிட்டு வாரேன்' மாதிரி ஒரு வார்த்தை. சொல்லும்போது நிஜமாகவே மனசு இளகும், அதில் பொய் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போய் அரிசியைக் களைந்து உலையில் போடுவதற்குள் யாருக்கு என்ன நோய் என்பதே மறந்துபோகும்.

சொர்ணத்துக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்துவிட்டது. மூன்றாவதுக்கு ஆறாம் மாதம் உதிரம் பட்டதும் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாற்பது நாள் அசையாமல் படுத்துக் கிட என்று சொல்லிவிட்டார்கள். புறப்பட்ட அன்று அவள் என் கையை விடவே இல்லை. நான் பெரிய இவள் மாதிரி சொன்னேன்.

"பயப்படாதட்டி. தினமும் காலைல அஞ்சு மணிக்கு ஒனக்காக முழங்கால் போடுதேன். ஒரு நாளும் தப்பாது."

அஞ்சு மணி என்று ஏன் சொன்னேன்? பெருமைதான், வேறென்ன. ஆறு மணி என்றால் ஊரே எழுந்திருக்குமே!

வீட்டில் ஒரு அலாரம் கடிகாரம் உண்டு. எப்போதோ ஒரு உபவாசக் கூட்டத்துக்குப் போய்வந்த சூட்டில் நான் அஞ்சு மணிக்கு வைத்தது. முதலில் கொஞ்ச நாள் நான் அமர்த்தினேன். அப்புறம் என் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே கையை நீட்டி அமர்த்தப் பழகிக்கொண்டார். கடிகாரம் தவறாமல் அடித்தது, அவர் தவறாமல் அமர்த்தினார், நான் தவறாமல் ஆறேகால் வரை தூங்கினேன்.

அதோடு நின்றதா? நடுவில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். "அக்கா, ஜெபம் பண்ணுதீங்கல்லா?" என்று கேட்டாள். கன்னமெல்லாம் ஒட்டிக் கிடந்தவளிடம், "பின்ன?" என்றேன். கையில் ஆரஞ்சுப் பழமும் வாயில் பொய்யுமாகப் போய்வந்தவள் நான்.

சனிக்கிழமை அவள் பஸ் ஏறிப் போனதும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாவகாசமாகக் காபியை ஆற்றினார்.

"பேரு வச்சா வச்சுட்டுப் போறா. பிள்ளை நல்லாருக்குல்லா, பொறவு என்ன?"

"நான் ஒரு நாளும் எந்திரிக்கலையே."

"அது எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவா போவுது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் என்ன செய்வார் பாவம், அது என்மேல் வந்த ஆத்திரம். அந்தப் பிள்ளையைக் காலமெல்லாம் என் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "சுகுணா, சாப்பிட வா", "சுகுணா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு." கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் என் பொய்க்கு உயிர் வரும். உண்மையைச் சொன்னாலோ, சொர்ணம் எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். அந்த முகம் இல்லாமல் நான் எப்படிக் குச்சி அடைப்பேன்? ஜெபிக்கலாம் என்று உட்கார்ந்தால் அதுக்கும் வெட்கமாக இருந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது!

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போதே எங்கள் சபைக் கோயில் காம்பவுண்டில் போய் நின்றேன். அவர்கள் வந்தார்கள். சொர்ணத்தின் புருஷன் பேச்சிராஜா மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, ஸ்தோத்திரக் காணிக்கை என்று ஒரு பை பாசிப்பயறைத் தூக்கிக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும் தலையைத் தடவினான்.

"கழுகுமலைல நேர்ந்திருந்தேன் அக்கா. நேத்துதான் போட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க."

"நேர்ந்ததைச் செஞ்சுட்டீங்கல்லா தம்பி. நான் என்னத்தைக் கோவிக்க?" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை என்னையே சுட்டது. சொன்னதைச் செய்தவன் அங்கே அவன் ஒருத்தன்தான்.

சொர்ணத்தின் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"ஏட்டி, இந்தப் பிள்ளைக்கு என் பேரை வைக்காத. நான் ஒனக்காக ஜெபம் பண்ணலை. அஞ்சு மணிக்கு எந்திரிக்கவே இல்லை. ஆஸ்பத்திரில வச்சுச் சொன்னதும் பொய்."

அவள் என்னையே பார்த்தாள். பிள்ளை கையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அதன் தலையில் நழுவிய துணியை மெல்ல இழுத்துவிட்டாள்.

"ஒரு நாளுமா இல்ல?"

"ஒரு நாளும் இல்லட்டி."

"அப்பம் நான் யாருகூடப் பேசிக்கிட்டுக் கிடந்தேன்?"

எனக்குப் புரியவில்லை. அவள் எனக்குச் சொல்வது போலவும் தனக்கே சொல்லிக்கொள்வது போலவும் சொன்னாள்.

"அஞ்சு மணிக்கு நர்ஸம்மா காய்ச்சல் பாக்க வருவாவ. முழிப்பு வந்துரும். இந்நேரம் கோவில்பட்டில அக்கா எனக்காக முழங்கால் போட்டிருப்பாவளே, நான் தூங்கலாமான்னு நினைப்பேன். எனக்கு என்ன ஜெபம் தெரியும்? அக்கா சொல்லுததுதான் என் பேச்சும், கொஞ்சம் கேளும்யா, இந்தப் பிள்ளையவாவது குடும்யான்னு ஒங்க சாமிகிட்டப் பேசிக்கிட்டே கிடப்பேன். ஒங்க பேச்சோட பேச்சாப் போயிரும்னு நினைச்சேன்."

திடீரென்று அவள் கண் விரிந்தது.

"நீங்க அங்கன இல்லவே இல்லையா? அப்பம் நான் ஒத்தையிலயா பேசியிருக்கேன்? நான் மட்டும் பேசினதுக்கா கேட்டாரு?"

"ஆமாட்டி. ஒன் பேச்சைத்தான் கேட்டாரு."

அவள் சிரித்தாள். அழவும் செய்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எம்மா, நான் பேசினா அவருக்குக் கேக்குமா!" என்றாள். நான் வேப்பமரத்து வேரில் உட்கார்ந்துவிட்டேன். அவள் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தாள். நன்றாகவே வலித்தது. அப்பாடா, இத்தனை மாதத்துச் சுமையை இறக்கி வைத்தது போல மூச்சு வந்தது.

"அப்பம் பிள்ளைக்கு ஒன் பேரையே வையி" என்றேன்.

"ஆசையைப் பாரு! இவ்வளவு லேசுல தப்பிச்சுரலாம்னு பாக்கீங்களா? சுகுணாதான். நான் இவளைக் கூப்பிடும்போதெல்லாம் ஒங்களுக்கு உறைக்கணும். இனிமேயாவது சொன்னதைச் செய்யுங்க, இவளுக்காக. அஞ்சு மணிக்கு."

இரண்டாம் மணி அடித்தது. ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை நேரம் வந்ததும் பாஸ்டர் ஐயா என்னைப் பார்த்து, சாட்சி சொல்லுங்கள் என்றார். வழக்கமாக எனக்கு மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்குவது கஷ்டம். அன்றைக்கு எழுந்து, "நான் பொய் சொன்னவ ஐயா. ஜெபிச்சவ இவதான்" என்று சொல்லி, சொர்ணத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். சபையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே! அவள் வெறுங்காலோடு முன்னால் போய், மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் படுத்துக்கிட்டேதான் பேசினேன். அவரு கேட்டாரு" என்றாள். அவ்வளவுதான். பேச்சிராஜா மொட்டைத் தலையோடு கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். குட்டி சுகுணா என் மடியில் கோயில் சேலையை நனைத்துவிட்டுச் சுகமாகத் தூங்கினாள்.

மறுநாள் விடியுமுன் அலாரம் அடித்தது. என் வீட்டுக்காரர் வழக்கம்போலப் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினார்.

"கையை எடுங்க. அது எனக்கு அடிக்குது" என்று எழுந்தேன்.