பிரிக்காத புத்தகங்களின் மேல் ஒரு கொலு

2023 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னை நங்கநல்லூரில் ஸ்ரீவாரி அடுக்ககத்தின் மொட்டை மாடியில் நடந்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், கல்யாணம் ஆகாத ஆண்களுக்கு இனி வீடு வாடகைக்கு விடுவதில்லை, ஏற்கெனவே இருப்பவர்கள் ஜனவரிக்குள் காலி செய்ய வேண்டும் என்ற தீர்மானம் முன்வைக்கப்பட்டது. வாக்கெடுப்பு அக்டோபர் 29க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

கட்டடத்தில் கல்யாணம் ஆகாத ஆண்கள் இரண்டே பேர். பி-2 வீட்டில் நானும் ஜெரோமும்.

செயலாளர் சௌமியநாராயணன் எங்கள் மீது வாசித்த குற்றச்சாட்டுகள் அத்தனையும் உண்மை. எங்கள் ஷூக்கள் மாடிப்படியில் கிடக்கின்றன. எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் அவர் வீட்டு மணியை அடிக்கிறார்கள். கிரிக்கெட் நடக்கும் நாளில் விக்கெட் விழுவது தொலைக்காட்சி இல்லாத வீட்டுக்கும் தெரிந்துவிடுகிறது. அன்று மதியம் சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை ஆட்டம். டிக்கெட் கிடைக்காத துக்கத்தில் நான் இந்திய அணியின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் தரப்பைச் சொல்லச் சொன்னார்கள்.

"சார், நாங்க அமைதியான பசங்க" என்றேன். சட்டையைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள்.

அந்த வீட்டுக்காக நாங்கள் ஒரு கோடைக்காலம் முழுக்க அலைந்திருந்தோம். "ஃபேமிலியா, பேச்சிலரா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்படும். ஒருவர் மட்டும் சற்று யோசித்து, "நாய் வெச்சிருக்கவங்களுக்குக்கூட குடுத்துருக்கோம். ஆனா இது கொஞ்சம் கஷ்டம் தம்பி" என்றார். மறுபடி அந்த அலைச்சல் என்றால் ஜெரோமுக்குப் பயம். எனக்கும்தான். நான் அதை வெளியில் சொல்லாமல் வாடகைச் சட்டம் பற்றிப் பேசினேன்.

எதிர்வீட்டு தேவசேனா அக்கா இன்சூரன்ஸ் முகவர். கட்டடத்தின் எல்லாச் செய்திகளும் அவர் வழியாகத்தான் போகும். கூட்டம் முடிந்து இறங்கும்போது படியில் எங்களை நிறுத்தினார்.

"உங்கள யாருக்கும் தெரியாதுடா. அதான் பிரச்சினை. கதவு தொறந்தா ஷூ தெரியுது, மூடினா சத்தம் கேக்குது. வேற என்ன தெரியும் உங்களப் பத்தி?"

"என்னக்கா பண்றது?"

"வர்ற ஞாயித்துக்கிழமை நவராத்திரி. கொலு வைங்க. கட்டடமே உங்க வீட்டுக்குள்ள வந்துரும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

அவர் கேலி செய்தார் என்பது எங்களுக்குப் புரிந்தபோது கொலு முடிந்திருந்தது.

எங்கள் தகுதிகளைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பகலவன். லால்குடியில் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். ஆயுத பூஜையன்று சைக்கிளைத் துடைப்பதுகூட எங்கள் வீட்டில் கொள்கை விரோதம், மறுநாள்தான் துடைப்போம். ஜெரோம் தூத்துக்குடிக்காரன், மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தவன். இணையத்தில் பார்த்துச் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். நான் நீச்சல் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை.

அன்று சாயங்காலமே மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போனோம். தெரு முழுக்கப் பொம்மைகள். கடைக்காரர் கேட்டார்.

"எத்தனை படி?"

"மூணு."

"பரம்பரையா வெக்கிறதா, புதுசா?"

"அவசரமா" என்றான் ஜெரோம்.

மரப்பாச்சி ஜோடி, மளிகைக் கடையோடு செட்டியாரும் ஆச்சியும், ஓர் அம்மன், தசாவதாரம் என்று கட்டிக்கொடுத்தார். தசாவதாரத்தில் ஒன்பதுதான் இருந்தது. கேட்டதற்கு, "கல்கி இன்னும் வரலை தம்பி" என்றார். சரக்கைச் சொன்னாரா, சாஸ்திரத்தைச் சொன்னாரா என்று தெரியாமல் வாங்கிக்கொண்டோம்.

படிக்குப் பலகை கிடைத்தது. முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லை. அப்போதுதான் என் புத்தகங்கள் ஜெரோம் கண்ணில் பட்டன. ஒவ்வொரு ஜனவரியிலும் நான் புத்தகக் காட்சிக்குப் போகிறேன். பை பையாக வாங்குகிறேன். தரையில் விசிறிபோலப் பரப்பி, 'இவ்வாண்டின் வாசிப்பு' என்று படம் போடுகிறேன். முன்னூறு பேர் விரும்புகிறார்கள். பிறகு அடுக்கிவிடுகிறேன். பாதிக்கு மேல் கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஏல, எல்லாம் ஒரே சைசா, மடங்காம இருக்கு. படிச்ச புக்கு இப்படி நிக்காது மக்கா" என்று பாராட்டினான்.

மேல்படிக்குத்தான் உறுதி அதிகம் வேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா பரிசாகக் கொடுத்த பகுத்தறிவு நூல் வரிசை, நீல நிறக் கெட்டி அட்டை, அங்கே பொருந்தியது. அம்மனின் எடையை அதுதான் தாங்கியது. மேலே அப்பா அனுப்பிய வெள்ளை வேட்டியை விரித்தோம்.

கொலுவுக்குக் கீழே பார்க் என்று ஒன்று வைக்க வேண்டும் என்று இணையத்தில் இருந்தது. அதைப் படித்ததும் ஜெரோம் எழுந்து உட்கார்ந்தான்.

"இது நம்ம கிறிஸ்மஸ் குடில் மாதிரிதானல. புல்லுக்குக் கேப்பை வெதைக்கணும். இன்னைக்குப் போட்டாத்தான் ஞாயித்துக்கிழமைக்கு வரும்."

பரணிலிருந்து அவன் குடில் பெட்டி இறங்கியது. ஆடுகள், ஒட்டகங்கள், மேய்ப்பன், மூன்று ராஜாக்கள். குழந்தையை மட்டும் பெட்டியிலேயே விட்டான். "பொறந்த நாளுக்கு முன்னால வெளிய எடுக்கப்படாது." கேழ்வரகு முளைத்துப் பச்சையானதும் அதன் நடுவே எங்கள் தெருவைக் கட்டினான். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம், சுற்றிலும் தடுப்பு, தண்ணீர் லாரி. லாரிக்கு முன்னால் வழுக்கைத் தலைப் பொம்மை ஒன்று, கையில் 'நோ பார்க்கிங்' பலகையோடு. செயலாளரை மனத்தில் வைத்து எங்கள் இருவரின் சிரிப்புக்காக மட்டும் செய்தது அது. எடுத்துவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். மறந்துபோனோம்.

முதல் நாள் மாலை வாசலில் ஷூ இல்லை. கோலம் இருந்தது, ஸ்டிக்கர்தான். தேவசேனா அக்கா பெண்களைத் திரட்டி அழைத்துவந்தார். கூட்டத்துக்கு முன்னால் வந்தவர் செயலாளரின் மனைவி ரமாமணி மாமி. அவர் வீட்டுக் கொலு ஒன்பது படி. எங்கள் மூன்று படியையும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"இவா மூணு பேரும் யாரு? தலைப்பா, கையில பெட்டி..."

"வெளியூர்க்காரங்க மாமி" என்றான் ஜெரோம். "குழந்தை பாக்க வந்திருக்காங்க."

"குழந்தை எங்க?"

"டிசம்பர்ல."

மாமி அவனை ஒரு பார்வை பார்த்தார். மேய்ப்பனைக் கோகுலத்து இடையன் என்று அவரே எடுத்துக்கொண்டார். ஒட்டகத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்து சுண்டல். கடலையை முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும் என்பது அன்று மதியம்தான் எங்களுக்குத் தெரியவந்தது. ஜெரோம் பைக்கை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்த் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் ஒரு தூக்கு நிறைய வாங்கிவந்திருந்தான். பொட்டலம் கட்டக் காகிதமும் சுண்டல்காரரே கொடுத்தாராம். மாமி ஒரு வாய் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

"இதுல வெங்காயம் போட்டிருக்கே."

"ஆமா மாமி, நல்லா இருக்கும்" என்றேன்.

"நன்னாத்தான் இருக்கும். பீச்சுல. அம்பாளுக்கு நைவேத்தியம் பண்ணினது இதையா?"

நைவேத்தியம் என்ற ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அதற்குள் குழந்தைகள் இரண்டாவது பொட்டலத்துக்கு வரிசையில் நின்றுவிட்டார்கள். மாமி அவர்களைப் பார்த்தார்.

"நாளைலேர்ந்து ஒரு கிண்ணம் வெங்காயம் இல்லாம தனியா எடுத்து வெச்சு காமிச்சுடுங்கோ. மிச்சத்த என்ன வேணா பண்ணிக்கோங்கோ" என்றார். தன் பொட்டலத்தைத் தின்று முடித்திருந்தார்.

பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாடினார்கள். முடிந்ததும் மாமி எங்கள் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்காரா பாடலேன்னா எப்படி?"

பாடத் தெரிந்த ஜெரோம் தொண்டை கட்டியிருப்பதாகச் சைகை காட்டினான். எனக்கு முழுதாகத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் கொடிமரத்துக்கு முன்னால் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்து. எடுத்தேன். முதல் வரியிலேயே மாமி கையில் பொட்டலத்தோடு எழுந்து நின்றார். அவரைப் பார்த்து எல்லோரும் நின்றார்கள். தரையிலிருந்து எழ முடியாத ஒரு முட்டிவலிக்காரரை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். அவ்வளவு பேர் அசையாமல் நிற்கும்போது நடுவில் நிறுத்தத் தெரியாமல் கடைசிவரை பாடினேன். முடிந்த பிறகும் யாரும் உட்காரவில்லை.

"முடிவுப் பாட்டையும் பாடிரு தம்பி" என்றார் தேவசேனா அக்கா. "அப்படியே கலைஞ்சு போயிடறோம்."

அடுத்த நாளிலிருந்து கூட்டம் அதிகமானது. பி-2வில் பீச் சுண்டல் என்று பக்கத்துக் கட்டடக் குழந்தைகளும் வந்தார்கள். ஐந்தாம் நாள் செயலாளரே வந்தார். செருப்பை நேராக விட்டார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கீழ்வீட்டு மித்ரா, யு.கே.ஜி. படிப்பவள், விரலை நீட்டினாள்.

"தாத்தா, இது நீங்க."

ஜெரோம் சமையலறைக்குள் போய்விட்டான். நான் போக வழியில்லாத இடத்தில் நின்றிருந்தேன். செயலாளர் வழுக்கைப் பொம்மையையும் பலகையையும் வெகுநேரம் பார்த்தார். ஜனவரியில் எங்கே போய் வீடு தேடுவது என்று நான் மனத்துக்குள் பேட்டை பேட்டையாக எண்ணத் தொடங்கியிருந்தேன்.

"லாரி தெற்கு கேட்ல வரும். நீங்க வடக்குல நிறுத்தியிருக்கீங்க" என்றார். குனிந்து லாரியை எடுத்து இடம் மாற்றினார். பொம்மையையும் பலகையோடு அதன் முன்னால் நகர்த்தி வைத்தார். சுண்டல் வாங்கிக்கொள்ளாமல் போனார்.

சரஸ்வதி பூஜையன்று மாமி, "பூஜைக்குப் புஸ்தகம் வைக்கலையா?" என்று கேட்டார். வேட்டியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினேன். அன்று முழுக்கப் புத்தகத்தைத் தொடக் கூடாதாம். என் புத்தகங்கள் வாங்கிய நாளிலிருந்தே அந்த விரதத்தில்தான் இருந்தன.

அன்று இரவு அப்பா அழைத்தார். நான் வேட்டியைத் தூக்கியபோது தேவசேனா அக்கா எடுத்த படம் எப்படியோ லால்குடிவரை போயிருந்தது.

"வீட்ல ஏதோ நடக்குதாமே."

"ஒரு சமூக ஆய்வுப்பா."

"மேல்படிக்குக் கீழ நீலமா தெரியுதே, அது நான் வாங்கிக் குடுத்ததா?"

"ஆமாப்பா."

"பிரிச்சியா?"

"இல்லப்பா."

"அதான பாத்தேன். பிரிச்சிருந்தா இது நடந்திருக்காது" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 29 அன்று மாடியில் கூட்டம். அன்றும் இந்தியாவுக்கு ஆட்டம் இருந்தது. நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். செயலாளர் தீர்மானத்தை மறுபடி வாசித்தார்.

"கொலு நன்னா இருந்தது. அது வேற, இது வேற. மாடிப்படில நேத்திக்கும் ஷூ கிடந்தது." அதுவும் உண்மை.

ரமாமணி மாமி எழுந்தார். "ஒரு நிமிஷம். கொலுன்னு ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தப்படாது. ஒரு வருஷம் வெச்சுட்டு விட்டா குடும்பத்துக்கு ஆகாது."

"அவாளுக்குக் குடும்பமே இல்லியே. அதானே தீர்மானம்" என்றார் செயலாளர்.

"அப்ப கட்டடத்துக்கு ஆகாது."

மாடியில் பகுத்தறிவு பேசக்கூடிய ஒரே ஆள் நான்தான். பேசவில்லை.

"சார், இவங்கள அனுப்பிட்டா இந்தக் கொலுவ யாராவது எடுத்து வெக்கணும்ல" என்றார் தேவசேனா அக்கா. "பொம்மை, பள்ளம், ஒட்டகம், பீச் சுண்டல் எல்லாம் சேத்துத்தான். உங்க வீட்ல வெச்சுக்கறீங்களா?"

செயலாளர் தன் வீட்டு ஒன்பது படியை நினைத்திருக்க வேண்டும். பேனாவை எடுத்தார்.

தீர்மானம் ஒரு திருத்தத்தோடு நிறைவேறியது. கல்யாணம் ஆகாத ஆண்களுக்கு இனி வீடு இல்லை. பி-2வில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு, ஆண்டுதோறும் கொலு வைக்கும்வரை. ஷூக்களை வீட்டுக்குள் வைக்க வேண்டும்.

"ஆயுள் தண்டனை மக்கா" என்றான் ஜெரோம் என் காதில்.

டிசம்பரில் அவன் குடில் வைத்தான். ரமாமணி மாமி வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனார். 2024 அக்டோபர் 2 அன்று எங்கள் வீட்டில் ஐந்து படி கட்டினோம். அந்த ஜனவரியிலும் நான் புத்தகக் காட்சிக்குப் போயிருந்ததால் முட்டுக் கொடுக்கத் தட்டுப்பாடு இல்லை.