ஒரு மடக்குத் தண்ணீருக்குப் பின்

மாவு விலை ஏறினால் ஆட்சி ஆட்டம் காணும். ஆட்சி ஆடினால் அமைச்சருக்கு ஆற்றின் நடுவே இருக்கும் மணல் திட்டு ஞாபகம் வரும். எதிர்க்கரை அரசுக்கும் அதே நேரம் அதே ஞாபகம் வரும், அவர்களுக்கும் மாவுதானே. இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் போய்த் திட்டின் இரண்டு முனையில் கொடி நடுவார்கள். பிறகு பேச்சுவார்த்தை, சமாதானம், வியாபாரம், மலிவான மாவு. பிறகு மாவு விலை ஏறும்.

நான் இயற்பியல் படித்தவள். ஊசலைப் பார்த்து, அடுத்து எந்தப் பக்கம் போகுமோ என்று வியக்கத் தெரியாது.

படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. எதிர்க்கரை மொழி தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். அடுத்தவர் சொன்னதை மட்டும் சொல்லும் வேலை. வாய் திறக்கக் கூச்சப்படுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

சேர்ந்ததும் பழைய பேச்சுவார்த்தைகளின் ஒலிநாடாக்களைக் கேட்டு எழுதக் கொடுத்தார்கள். ஆள் மாறும், குரல் மாறும், வரி மாறாது. முதல் நாள் முன்னோர் பெருமை. மறுநாள் வரைபடம். அப்புறம் ஒரு நாள் கோபித்துக்கொண்டு வெளியே போவது, இன்னொரு நாள் திரும்பி வருவது. கடைசி நாளில்தான் அந்த இடம்: "ஒரு பிடி மண்ணையும் விட்டுத்தர மாட்டோம்." ஒரு மடக்குத் தண்ணீர். கிளாஸை மேஜையில் வைக்கும் சத்தம். "ஆனாலும், வெள்ளம் வடியும்வரை இரு தரப்பும் ஒரே நேரத்தில் கரை திரும்பலாம்."

எந்த நாடாவிலும் அந்தக் கிளாஸ் சத்தம் தப்பவில்லை.

இந்த முறை திட்டில் நின்றவர்களில் என் தம்பியும் ஒருவன். மழை தொடங்கிவிட்டது. கிளம்பும்போது அம்மா போன் செய்தாள்.

"முழங்கால் தண்ணில நிக்கறானாம்டி. நீதானே பேசப் போறே, கொஞ்சம் சீக்கிரமா பேசேன்."

"நான் பேசலம்மா. மொழிபெயர்க்கறேன்."

"அதையே வேகமாப் பண்ணேன்."

பாலத்தின் நடுவில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. நீண்ட மேஜை. எங்கள் குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மீசைக்காரர். எதிரே குடைக்காரர், கூரை ஒழுகுமென்று உள்ளேயும் குடையோடு உட்காருகிறவர். அவர் சொல்வதை எங்கள் மொழியில் சொல்ல ஓர் அக்கா. நாடாக்களில் பாதியில் அவர் குரல்தான்.

அக்கா முழங்காலைச் சுற்றிக் கம்பளி கட்டியிருந்தார். "தங்கச்சி, இந்தக் குளிருக்கு என் முட்டி ஒரு வாரம் தாங்காது. உங்க ஆளு இப்பவும் முன்னோர்லேருந்துதான் ஆரம்பிப்பாரா?"

"ஆமாக்கா."

"எங்க ஆளோட முன்னோருக்குப் போன தடவையைவிட நூறு வயசு கூடியிருக்கு."

மீசைக்காரர் ஆரம்பித்தார். தகரத்தில் மழை இரைந்தது, அதைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்று கத்தினார். கத்தக் கத்த அவருக்கே வீரம் வந்துவிட்டது. முன்னோர் முடிவதற்குள் கடைசி நாள் வரிக்குத் தாவினார்.

"ஒரு பிடி மண்ணையும் விட்டுத்தர மாட்டோம்."

மொழிபெயர்த்தேன். அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். கிளாஸை வைத்தார். டக்.

என் வாய் முந்திக்கொண்டது. "ஆனாலும், வெள்ளம் வடியும்வரை..." என்று தொடங்கி, கரை திரும்புவதுவரை சொல்லி முடித்துவிட்டுத்தான் நின்றது.

மீசைக்காரருக்கு அந்த மொழி தெரியாது. என் பக்கம் சாய்ந்தார். "ஒரு பிடி மண்ணுக்கு அவங்க மொழியில இவ்ளோ வார்த்தையா?"

"நீளமான மொழி சார்."

எதிரே குடை மடங்கியது. அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்த அறையில் என்னைத் தவிர இரண்டு மொழியும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு வார்த்தை போதும். என் வேலையும் போகும், தம்பியும் தண்ணீரிலேயே நிற்பான்.

குடைக்காரர் தன் மொழியில் அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "முதல் நாளே இறங்கிட்டாங்களே. சரி, அவங்க போனா நாமும் போறோம்னு சொல்லு."

அக்கா முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு மீசைக்காரரைப் பார்த்து, எங்கள் மொழியில், துளியும் முகம் மாறாமல் சொன்னார்: "இரு தரப்பும் ஒரே நேரத்தில் கரை திரும்பலாம் என்று எங்கள் தரப்பு முன்வந்திருக்கிறது."

மீசை இரண்டு பக்கமும் உயர்ந்தது. "பாத்தியாம்மா, ஒரு சத்தம்தான் போட்டேன்." உடனே முகம் வாடியது. "நாளைக்குன்னு வரைபடம் கொண்டுவந்தேனே."

"அடுத்த தடவைக்கு ஆகும் சார்."

"அதுவும் சரிதான். நாம பெருந்தன்மையாப் போயிடுவோம். அவங்களே முன்வந்ததுக்கு நன்றின்னு சொல்லு."

அதை அப்படியே சொன்னால், யார் முன்வந்தது என்று குடைக்காரர் கேட்பார். அதோடு எல்லாம் ஆற்றோடு போகும். வெளியே இடி இடித்தது.

"நீங்கள் இசைந்ததற்கு நன்றி" என்றேன்.

"கெஞ்சினாங்க, கொடுத்தோம். அப்படியே சொல்லு" என்றார் குடைக்காரர்.

"மிக்க மகிழ்ச்சி" என்று அக்கா முடித்தார்.

தலைவர்கள் இருவரும் தத்தம் அமைச்சரை அழைக்க ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். நாங்கள் நடுவில் நின்றோம். அமைச்சர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கவேண்டும். "அவங்கதான் சார் மொதல்ல இறங்கினாங்க" என்று ஒரு மூலையிலிருந்து கேட்டது. மறு மூலையிலிருந்தும் அதுவே, மொழி மட்டும் வேறு.

மாலைக்குள் கையெழுத்தாகிவிட்டது. ஒலிநாடாவைக் கேட்டு எழுத வேண்டியவர்கள் எங்கள் பக்கம் நான், அவர்கள் பக்கம் அக்கா.

"டேப்புல மழைச் சத்தம் அதிகமா இருக்கும்க்கா."

"ஒண்ணும் கேக்காது" என்றார் அக்கா. "ஆமா, அடுத்த தடவை உங்க ஆளு தண்ணி குடிக்கலேன்னா?"

"நானே ஊத்திக் குடுக்கறேன்."

அன்றிரவே திட்டு முழுகியது. மறுநாள் தம்பி வீட்டுக்கு வந்தான். கொடி கடைசியாக முழுகியதைக் கரையிலிருந்து பார்த்தானாம். எந்தக் கொடி என்று கேட்டேன்.

"இருட்டுல என்ன தெரியும்? ரெண்டும் நனைஞ்ச துணி."

அம்மா அவன் தலையைத் துவட்டியபடி என்னிடம் சொன்னாள்: "வேகமாத்தான் பண்ணியிருக்கே."

வியாபாரம் திறந்தது. மாவு மலிந்தது. மீசைக்காரருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எதிர்க்கரையில் குடைக்காரருக்கும் கிடைத்ததாக அக்கா சொல்லியனுப்பினார்.

கொஞ்ச காலம் போயிற்று. நேற்று அம்மா கடையிலிருந்து வந்து பையைக் கீழே வைத்தாள். "மாவு மறுபடியும் ஏறிடுச்சுடி."

தம்பி எழுந்தான். கட்டிலடியிலிருந்து பூட்ஸை எடுத்து வெயிலில் வைத்தான்.

நான் அலுவலகம் போகும் வழியில் பாத்திரக் கடையில் இறங்கி, இருப்பதிலேயே பெரிய தண்ணீர்க் கூஜாவாகப் பார்த்து ஒன்று வாங்கினேன்.